உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குப் பின் எடை குறைப்பு ஊசி: டோஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்லீவோ (வயிற்றின் பெரும் பகுதியை வெட்டி எடுப்பது) பைபாஸோ (வயிற்றைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைப்பது) செய்துகொண்டவர்களின் எடை பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் அடிமட்டத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு கொஞ்சம் ஏறும். அடிமட்ட எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஏறினால் அது எதிர்பார்த்ததுதான். அதையும் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, அடங்கியிருந்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மறுபடி தலைகாட்டினாலோதான் மருந்தைப் பற்றிய பேச்சு வருகிறது. அந்தக் கட்டத்தில் பலர் "ஆபரேஷனே வீணாப் போச்சு" என்று மனம் உடைந்துபோகிறார்கள். வீணாகவில்லை. உடல் பருமன் நாள்பட்ட நோய். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போதாவிட்டால் இரண்டாவதைச் சேர்க்கிறோம், இதுவும் அப்படித்தான்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எடை குறைப்பு ஊசிப் பெட்டிக்குள் இருக்கும் "நான்கு வாரத்துக்கு ஒருமுறை டோஸ் ஏற்றவும்" என்ற அட்டவணை, முழு வயிறு உள்ளவர்களிடம் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தது. செமாக்ளூடைட் என்ற ஊசியைப் பற்றி 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில், ஏற்கெனவே எடைக்கான அறுவை சிகிச்சை செய்தவர்களைச் சேர்க்கவே இல்லை. நான்கில் மூன்று பங்கு வயிற்றை வெட்டி எடுத்தவருக்கும், முட்டை அளவு பை மட்டும் உள்ளவருக்கும் அந்த அட்டவணையை அப்படியே பொருத்துவதால்தான் பாதிச் சிக்கல்கள் வருகின்றன.

எடை ஏன் ஏறியது?

முதலில் கணக்கு. அறுவைக்கு முன் 130 கிலோ, அடிமட்டம் 85, இப்போது 97 என்று வைத்துக்கொள்வோம். இழந்தது 45 கிலோ, திரும்பியது 12. இழந்ததில் ஏறக்குறைய 27 சதவீதம் திரும்பியிருக்கிறது. அடிமட்ட எடையோடு ஒப்பிட்டால் 14 சதவீத ஏற்றம். மருத்துவரிடம் போகும்போது "கொஞ்சம் போட்டுட்டேன்" என்று சொல்வதைவிட இந்த மூன்று எடைகளையும் தேதியோடு எழுதி எடுத்துப்போவது நல்லது. இரண்டே மாதத்தில் ஏறிய 12 கிலோவுக்கும் மூன்று ஆண்டில் ஏறிய 12 கிலோவுக்கும் காரணங்கள் வேறு வேறு.

அடுத்து மருந்துச் சீட்டைப் பாருங்கள். இன்சுலின், சல்ஃபோனில்யூரியா வகை சர்க்கரை மாத்திரைகள், ஸ்டீராய்டு, ஒலான்சபின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட், பிரெகாபலின், கபாபென்டின் எல்லாமே எடையை ஏற்றக்கூடியவை. நரம்பு வலிக்கென்று ஆரம்பித்த பிரெகாபலின்தான் காரணம் என்றால், அதை மாற்ற முடியுமா என்று கேட்பதே முதல் வேலை. நீங்களாக நிறுத்தாதீர்கள்; இவற்றில் சிலவற்றைச் சட்டென்று விட்டால் ஆபத்து. தைராய்டு பரிசோதனையும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

அதிகம் கவனிக்கப்படாத காரணம் ஒன்று உண்டு. இறைச்சி, முட்டை போன்ற கெட்டியான உணவு தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொள்கிறது. பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் வழுக்கிக்கொண்டு போய்விடுகின்றன. சாப்பிட முடிந்ததைத்தான் மனிதர் சாப்பிடுவார். எடை ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவர் கட்டுப்பாடு இல்லை என்பார். உள்ளே ஸ்லீவ் ஓரிடத்தில் சுருங்கியிருக்கும், அல்லது வயிற்றைச் சுற்றிப் போட்ட பேண்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கும். இவருக்கு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் ஊசியைப் போட்டால் வாந்திதான் மிஞ்சும். எனவே கெட்டி உணவு அடைத்தாலோ, நெஞ்செரிச்சல் புதிதாக வந்தாலோ, முன்பு இருந்த "வயிறு நிறைந்தது" என்ற உணர்வு திடீரென்று காணாமல் போனாலோ, ஊசிக்கு முன் எண்டோஸ்கோபியும் பேரியம் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குச் சிறு பைக்கும் ஒதுக்கி வைத்த பழைய வயிற்றுக்கும் இடையே ஒரு பாதை திறந்துகொள்ளும். உணவு பழைய வழியில் போகத் தொடங்கினால் எடையும் ஏறும், புண்ணும் வரும். அதற்கு மருந்து ஈடாகாது.

இவை எதுவும் இல்லையென்றால் எஞ்சுவது உடம்பின் சொந்த எதிர்வினை. பசியைத் தூண்டும் கிரெலின், நிறைவைச் சொல்லும் ஜி.எல்.பி-1 ஆகியவற்றின் சமநிலை பழைய எடையை நோக்கி மெல்ல இழுக்கிறது. ஊசிகள் நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். அறுவைக்குப் பின் போதிய எடை குறையாதவர்களிடம் லிராக்ளூடைட் ஊசி 3 மி.கி. கொடுத்துப் பார்த்த பாரி-ஆப்டிமைஸ் என்ற ஆய்வு 2023-இல் வந்தது. 70 பேர், 24 வாரம். மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 8.8 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு அரை சதவீதம்தான்.

எப்போது ஆரம்பிப்பது? திரும்பிய எடை 20 கிலோ ஆகும்வரை காத்திருப்பதில் லாபமே இல்லை. இறக்கம் நின்று எடை மேல்நோக்கித் திரும்பும்போதே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும்.

எந்த மருந்து?

வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட், தினமும் போடும் லிராக்ளூடைட் மூன்றும் தோலுக்கடியில் போடுபவை. குடலை எப்படி வெட்டி இணைத்திருந்தாலும் இவை உடம்பில் சேர்வது மாறாது. அறுவை செய்தவர்களுக்கு இவற்றை முதலில் யோசிக்க இதுவே பெரிய காரணம். தனக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தாலும், எம்.ஈ.என் 2 என்ற பரம்பரைக் கோளாறு இருந்தாலும் இவை கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எடை குறைப்பு மாத்திரைகளில் கவனம் கூடுதலாகத் தேவை. நால்ட்ரெக்ஸோன்-புப்ரோபியான் மெல்லக் கரையும் மாத்திரை. பைபாஸ் குடலில் அது எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதை நம்ப முடியாது. நசுக்கியும் விழுங்கக் கூடாது, மருந்து மொத்தமாக இறங்கி வலிப்பு வரலாம். வலிப்பு நோய், புலிமியா போன்ற உணவுக் கோளாறு, ஓபியாய்டு வலிமருந்து ஆகிய மூன்றில் எது இருந்தாலும் இது வேண்டாம். மதுப் பழக்கம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும். பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் வேகமாக ஏறும், பழக்கம் முற்றும் வாய்ப்பும் கூடும். குடியைத் திடீரென்று நிறுத்தும் நேரத்தில் புப்ரோபியான் உடம்பில் இருந்தால் வலிப்பு அபாயம். ஃபென்டர்மின்-டோபிரமேட் சிலருக்கு நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் பைபாஸே சிறுநீரகக் கல்லுக்கு வழிவிடும், டோபிரமேட்டும் விடும். கருவுற்றால் குழந்தைக்கு உதடு, அண்ணப் பிளவு வரலாம். ஆர்லிஸ்டாட்டை பைபாஸ் செய்தவர்களுக்கு நான் பரிந்துரைக்கவே மாட்டேன். சாப்பிடும் கொழுப்பில் 30 சதவீதம் போல அது வெளியேற்றிவிடும். கூடவே ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போகும். ஏற்கெனவே அவை குறைந்திருக்கும் உடம்பு அது.

டோஸ் ஏற்றுவதற்கு நான்கு கேள்விகள்

அச்சிட்ட அட்டவணைப்படி செமாக்ளூடைட் 0.25 மி.கி.-யில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று நான்கு வாரத்துக்கு ஒரு படி ஏறும். டிர்செபடைட் 2.5-இல் தொடங்கி 2.5 மி.கி. வீதம் 15 வரை போகும். லிராக்ளூடைட் தினம் 0.6-இல் தொடங்கி வாரம் 0.6 வீதம் 3 மி.கி. வரை. அறுவை செய்தவர் இதை உச்ச வேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட மெதுவாக ஏறலாம், வேகமாக மட்டும் கூடாது.

அடுத்த படிக்கு முன் கடைசி இரண்டு வாரத்தைப் பாருங்கள். தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போனதா? ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்க முடிந்ததா? வாந்தி இல்லாமல் இருந்ததா? மலம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறையாவது போனதா? நான்குக்கும் ஆம் என்ற பதில் வந்து, பசியும் எடையும் மட்டும் அசையாமல் இருந்தால் ஏற்றலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அதே டோஸில் இன்னும் நான்கு வாரம் இருங்கள், அல்லது மருத்துவரிடம் கேட்டு ஒரு படி இறங்குங்கள். இருக்கும் டோஸிலேயே எடை குறைந்துகொண்டிருந்தால் ஏற்றத் தேவையே இல்லை. 0.5 மி.கி. செமாக்ளூடைட்டிலேயே நல்ல பலன் பெறுபவர் அங்கேயே நின்றால் அதில் குறை ஒன்றும் இல்லை.

இந்த நான்கில் சத்தமில்லாமல் தவறுவது புரதம். ஊசி பிடித்துக்கொண்டபின் ஒருவர் காலையில் ஒரு முட்டை, மதியம் 50 கிராம் மீன், மாலை ஒரு டம்ளர் பால், இரவு அரைக் கப் தயிர் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். நான்கு வேளை சாப்பிட்ட நிறைவு அவருக்கு இருக்கும். கூட்டினால் 6, 11, 7, 4. மொத்தம் 28 கிராம். தேவையில் பாதிகூட இல்லை. தராசில் முள் வேகமாக இறங்கும், எல்லோரும் பாராட்டுவார்கள், இறங்குவதில் பெரும் பங்கு தசையாக இருக்கும். மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரும். மாடி ஏறினால் தொடை நடுங்கும். இதற்கு வழி, பசியை நம்பாமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது. ஒவ்வொரு வேளையும் புரதத்தை முதலில் சாப்பிட்டு 20 கிராமைத் தொட முயல வேண்டும். எட்டாத மீதியைப் புரதப் பொடியால் நிரப்பலாம். வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி அல்லது சொந்த உடல் எடையைத் தாங்கும் பயிற்சி செய்யுங்கள். பைபாஸ் ஏற்கெனவே எலும்பு அடர்த்தியைக் குறைக்கிறது. தசையும் போனால் பிற்காலத்தில் விழுந்து எலும்பு முறியும் ஆபத்து கூடும்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி இடைவெளி விட்டு வாய் வாயாகக் குடிப்பது அறுவையின்போதே சொல்லிக்கொடுத்த பழக்கம். ஊசி தொடங்கியதும் அதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது போலப் பின்பற்றுங்கள், ஏனென்றால் தாகமும் பசியோடு சேர்ந்து மங்கிவிடும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுப்பவர் தண்ணீர் குறைவாகக் குடித்தால் அதுவே ஸ்லீவுக்குள் கட்டியாகிவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி பாதுகாப்பானது.

பேனாவும் குப்பியும்

தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டு வயிறு, தொடை, மேல்கை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். எடை நிறையக் குறைந்தவர்களுக்குத் தோல் தொங்கும், அடியில் கொழுப்பு மெலிந்திருக்கும். தொங்கும் மடிப்பின் நுனியில் குத்தாமல் கொழுப்பு கைக்குத் தட்டுப்படும் இடத்தில் போடுங்கள். மருந்து நிரப்பிய ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறைந்துபோனால் தூக்கி எறிந்துவிட வேண்டும். உருகவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

குப்பியிலிருந்து இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுபவர்கள் செய்யும் தவறுதான் மிக மோசமானது. சிரிஞ்சில் இருப்பது யூனிட், சீட்டில் எழுதியிருப்பது மில்லிகிராம். 100 யூனிட் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 0.1 மி.லி. குப்பியில் மி.லி.-க்கு 2.5 மி.கி. இருந்தால் 0.25 மி.கி.-க்கு 10 யூனிட் எடுக்க வேண்டும். அடுத்த குப்பியில் மி.லி.-க்கு 5 மி.கி. இருந்தால் அதே டோஸுக்கு 5 யூனிட்தான். பழைய கோட்டிலேயே உறிஞ்சினால் இரு மடங்கு போய்விடும். 5 யூனிட் என்பதை 50 என்று படித்தால் பத்து மடங்கு. செமாக்ளூடைட் உடம்பில் பாதியாகவே ஒரு வாரம் பிடிக்கும், உள்ளே போனதைத் திருப்பி எடுக்க வழியில்லை. நாள்கணக்கில் வாந்தியும் ஆஸ்பத்திரி வாசமும்தான். ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் அடர்த்தியைப் படித்து, எத்தனை யூனிட் என்று மருந்தாளுநரிடம் எழுதி வாங்குங்கள்.

"ஊசியாலதான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாதவை

குமட்டலும் வயிற்று வலியும் ஊசியின் பக்க விளைவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அறுவை செய்தவர்களுக்கு அந்த அறிவே சில நேரம் ஆபத்தாகிறது.

பைபாஸ் செய்தவருக்கு எடை குறையக் குறைய, குடலைத் தாங்கும் சவ்விலுள்ள இடைவெளிகள் அகலமாகும். அதற்குள் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். அறுவை முடிந்து பல ஆண்டு கழித்தும் இது வரும். சாப்பிட்டபின் பிடித்து இழுக்கும் வலி, விட்டு விட்டு, சில நேரம் முதுகுவரை. வாந்தி வராமலும் இருக்கலாம். சிடி ஸ்கேன் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் வலி தொடர்ந்தால், இந்த அறுவை சிகிச்சை தெரிந்த சர்ஜன் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். தாமதித்தால் குடல் அழுகிப்போகும். அவசரப் பிரிவில் உங்களுக்கு என்ன வகை அறுவை நடந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்; ஊசியைப் பற்றி இரண்டாவதாகச் சொல்லலாம்.

வலது விலாவுக்கடியில் வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல். வேகமாக எடை குறைவதும் இந்த ஊசிகளும் இரண்டுமே அதை வரவழைக்கும். பைபாஸுக்குப் பின் வாய்வழிக் குழாயால் பித்தநாளத்தை எட்டுவது கடினம் என்பதால் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி கணையமாக இருக்கலாம். எரியும் வலி என்றால் சிறு பையும் குடலும் சேரும் இணைப்பில் புண்ணாக இருக்கலாம். புகைப்பவர்களுக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் விழுங்குபவர்களுக்கும் அது வரும். பைபாஸ் செய்தவர் வலிக்குப் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வாந்தி ஒரு நாள் முழுக்கத் தொடர்ந்து தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள். வாந்தி நாள்கணக்கில் நீடித்து, பார்வை இரட்டையாகத் தெரிந்து, நடை தள்ளாடி, குழப்பம் வந்தால் தயமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கலாம். சில வாரத்திலேயே தீரும் இருப்பு அது. அப்போது குளுக்கோஸ் ட்ரிப் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போட வேண்டும். முதலில் குளுக்கோஸ் ஏறினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிப்பு நிரந்தரமாகலாம். உடன் இருப்பவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வைட்டமினும் மற்ற மருந்துகளும்

குமட்டல் வந்ததும் முதலில் நின்றுபோவது வைட்டமின் மாத்திரைகள்தான். கால்சியம் சிட்ரேட் நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு வேளைக்கு 500 முதல் 600-க்கு மேல் வேண்டாம். இரும்புச் சத்தை அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி எடுங்கள். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி. தேவை. பி12 தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி. வைட்டமின் டி பெரும்பாலோருக்கு 3000 யூனிட். ஊசி தொடங்கும் முன் ஒருமுறையும், எடை வேகமாக இறங்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், அல்புமின், சிறுநீரகச் செயல்பாடு பார்த்துவிடுங்கள்.

இன்சுலினோ சல்ஃபோனில்யூரியாவோ எடுப்பவர்களுக்கு, சாப்பாடு குறைந்ததும் சர்க்கரை தாழ்ந்துவிடும். ஊசி தொடங்கும் நாளிலேயே அவற்றின் அளவை மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரையும் தைராக்ஸினும் எடை குறையக் குறையக் கூடுதலாகிப்போகும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் அழுத்தத்தை அளந்து பாருங்கள்.

கருத்தடை மாத்திரையை நம்பியிருப்பவர்களுக்கு இரட்டைச் சிக்கல். பைபாஸில் அது சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். டிர்செபடைட்டும் அதன் அளவைக் குறைக்கும். டிர்செபடைட் தொடங்கியபின் நான்கு வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றியபின் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு தடுப்பு வேண்டும். இல்லையென்றால் கருப்பைக்குள் வைக்கும் சாதனத்துக்கு மாறிவிடலாம். குழந்தைக்குத் திட்டமிட்டால் செமாக்ளூடைட்டைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். எண்டோஸ்கோபிக்கோ வேறு அறுவைக்கோ மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால், கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம்.

பலன் பார்ப்பதும் நிறுத்துவதும்

தாங்கிக்கொள்ளும் உச்ச டோஸில் மூன்று மாதம் இருந்தும் எடையில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்களுக்கு இல்லை. டோஸைப் போட்டு அழுத்துவதைவிட வேறு மருந்து, அல்லது அறுவையைத் திருத்துவது பற்றிப் பேசும் நேரம் அது.

பலன் தந்த மருந்தை "போதும், இறங்கியாச்சு" என்று நிறுத்துபவர்களுக்குத் தெரிய வேண்டியது: செமாக்ளூடைட்டை நிறுத்திய ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஸ்டெப் 1-இன் தொடர்ச்சி ஆய்வு காட்டியது. நிறுத்துவது செலவு காரணமாகவோ கருத்தரிப்புக்காகவோ தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அப்படியானால் முன்னதாகவே திட்டமிட்டு, நிறுத்தியபின் முதல் ஆறு மாதமும் வாரம் ஒருமுறை எடை பார்த்து, 3 கிலோ ஏறியதுமே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு செமாக்ளூடைட் ஊசி தவறிவிட்டால், அடுத்த முறைக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் உடனே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடருங்கள். டிர்செபடைட்டில் தவறிய நாளிலிருந்து நான்கு நாள்வரை போடலாம். லிராக்ளூடைட் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் 0.6-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். வார ஊசிகள் பல வாரம் விட்டுப்போயிருந்தால், பழைய உச்ச டோஸ் பேனா ஃபிரிட்ஜில் இருக்கிறதே என்று அதையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும். சிறிய வயிற்றில் அந்த ஒரு ஊசியே பல நாள் வாந்திக்குப் போதும். மருத்துவரிடம் கேட்டு அடிப் படியிலிருந்து, அதே நான்கு கேள்விகளோடு ஏறுங்கள்.